ஜாடி மூடியின் ஈரம்

பிரம்மநாயகி ஊறுகாய் ஜாடியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தாள். சித்திரையில் போட்ட வெட்டு மாங்காய் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூசணம். திருநெல்வேலி டவுனில் அவள் கைப்பக்குவத்துக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் கெட்டுப்போன ஆத்திரம் நேரே மருமகள் கோமுவின் மேல் பாய்ந்தது.

"ஏட்டி, தூரமா இருக்கையில ஜாடியத் தொட்டியா?"

"இல்ல அத்தை. அந்த நாள்ல நான் அடுக்களப் பக்கமே வாரதில்லையே."

"பின்ன தானாவா கெட்டுது?"

மகன் சிவகணேஷ் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இப்படிப்பட்ட வேளையில் ஆண்பிள்ளைகளுக்குப் பேப்பர் ரொம்ப முக்கியமாகிவிடும். கோமு கை பட்டால் எதுவும் விளங்காது என்று தெருவெல்லாம் பேச்சானது. அடுத்த வீட்டு வளைகாப்புக்கு அவளை மட்டும் அழைக்கவில்லை. அன்று அழுதுகொண்டே அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறியவளை யாரும் போய்க் கூப்பிடவில்லை.

மறு வருசம், 1995 சித்திரையில், பிரம்மநாயகி ஒண்டியாகவே ஊறுகாய் போட்டாள். வேற்றுக் கை படாத அந்த ஜாடியிலும் பூசணம் பூத்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உள்விளிம்பில் கறுப்புக் கறுப்பாய்ப் பழைய பூசணம். முன்பெல்லாம் ஜாடியைக் கழுவி முற்றத்து வெயிலில் காயவைப்பாள். ஒருதரம் உள்ளே பல்லி விழுந்து கிடந்ததிலிருந்து, கழுவிய ஈரத்தோடு இறுக்க மூடிப் பரணில் ஏற்றிவிடுவாள். இரண்டு வருசமும் அப்படித்தான் செய்திருந்தாள்.

அன்றைக்கே அம்பாசமுத்திரம் போனாள். கோமு பின்கட்டில் தனிப் பாயில், தனித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"தள்ளி நில்லுங்க மைனி. அவ தூரம்" என்றாள் கோமுவின் தாய்.

பிரம்மநாயகி காதில் வாங்காமல் பாயில் உட்கார்ந்து மருமகளின் கையைப் பிடித்தாள்.

"நான் ஈரத்தோட மூடிவச்சுதான் கெட்டுதுட்டி. பொம்பள தொட்டு எந்த ஊறுகாயும் கெடாது. காரணம் பாக்காம பழி போட்டா, ஒருத்தி வாழ்க்கதான் கெட்டுப்போகுது. நம்ம வீட்டுக்கு வாட்டி."

கோமு கையை இழுத்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

"வாரது இருக்கட்டும் அத்தை. அத மொதல்ல எங்க அம்மைகிட்டச் சொல்லுங்க. ஒரு வருசமா, மத்த நாள்லகூட என்னைய ஜாடிப் பக்கம் விடுததில்ல."