உச்சந்தலையில் ஒரு வட்டம்

கடையைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, சீப்புகளைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடிப்பது சலூன்காரரின் வழக்கம். முன்னால் கடை, பின்னால் வீடு; நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அன்று அவர் நுழைந்தபோது மனைவி குனிந்து அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரும்போது அலமாரிக் கொண்டியில் அவள் தலைத்துணி மாட்டிக்கொண்டு அவிழ்ந்து விழுந்தது.

சட்டென்று இரு கைகளாலும் உச்சியை மூடிக்கொண்டாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. தோல் வழவழவென்று மின்னியது. ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது.

சமையலில் முடி விழாமலிருக்கத்தான் துணி கட்டுவதாகச் சொல்லியிருந்தாள். அவரும் நம்பியிருந்தார். நாளெல்லாம் ஊரார் தலையைப் பார்க்கிறவர், கூட இருந்தவள் தலையைப் பார்க்கவில்லை.

எத்தனை நாளாக என்று கேட்டதற்கு அவள் துணியை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டாள். கடையைச் சாத்திவிட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

தோல் டாக்டரம்மா உச்சியிலிருந்து துளித் தோலெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று இருவரையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மயிர்க்கால்களைப் பகையாக நினைத்து அழித்திருக்கிறது. அரிப்பும் எரிச்சலும் தொடங்கியபோதே வந்திருந்தால் பெருமளவு தடுத்திருக்கலாம். இப்போது அந்த இடம் வடுவாகிவிட்டது. மிச்சமிருக்கும் முடியைக் காக்கத்தான் மருந்து, போனது திரும்பாது.

முடி நடுகிற ஆபரேஷன் இருக்கிறதே என்று சலூன்காரர் இழுத்தார். நோய் அடங்காமல் நட்டால் நட்டதும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. அடங்கி, வருஷக்கணக்கில் அப்படியே இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் வடுப்பட்ட தோலில் பிடிக்கும் என்று உறுதியில்லை.

"என் தலையில எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்கம்மா" என்றார் அவர்.

ஒருவர் முடியை இன்னொருவர் உடம்பு ஏற்காது என்று டாக்டரம்மா சொன்னபோது, சலூன்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளால் செய்ய ஒன்றுமே இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"முடி கொட்டினவங்க கடைக்கு வந்தா என்ன கேப்பீங்க? 'வெட்டணுமா, பாலிஷ் போடணுமா'ம்பீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. அவங்களும் வேற வழியில்லாம சிரிப்பாங்க. எனக்கு எல்லாம் கேக்கும். சொன்னா என்னையும் பாத்து சிரிச்சுடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

நான் சிரித்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். அவருக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை.

டாக்டரம்மா அவர்களை மறுபடி உள்ளே அழைத்தார். இந்த நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க ஆராய்ச்சி நடக்கிறது. எடுத்த தோலை வைத்துக்கொள்ளவும் தலையைப் படமெடுக்கவும் சம்மதம் வேண்டும். ஆனால் இதனால் அவளுக்குப் பலன் எதுவும் கிடைக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

படம் என்றதும் சலூன்காரர் தயங்கினார். மனைவி தானே துணியை அவிழ்த்தாள். முடிச்சு எளிதில் வரவில்லை. உதவ நீண்ட அவர் கையை மெல்ல விலக்கினாள்.

"எடுத்துக்கங்க டாக்டர்" என்றாள். "எனக்கு இனி வளராது, தெரியும். அடுத்து வர்றவங்களாவது நேரத்துக்கு வரட்டும். கால்ல புண்ணு வந்தா உடனே ஓடி வந்திருப்பேன். தலையில வந்ததால அவமானம்னு மூடி வெச்சேன். எங்க வந்தாலும் நோய் நோய்தான், மறைக்கக் கூடாது."

பிறகு கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை.

"அடுத்தவங்க உடம்புக் குறையைப் பாத்து சிரிக்கவும் கூடாதுங்க. நம்ம சிரிப்புதான் அவங்களுக்கு மறைக்கச் சொல்லிக் கொடுக்குது."