சாலை சுருங்கிய திருவருகைக் காலம்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை விடிந்தபோது, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் குறைந்திருந்தது. முதலில் கண்டுபிடித்தவர் டவுன் பஸ் கண்டக்டர் நவநீதகிருஷ்ணன். பாதிப் பேருக்கு டிக்கெட் கொடுப்பதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. டிரைவர் வேகமாக ஓட்டியதாக நினைத்து அவரிடம் சண்டைக்குப் போனார், டிரைவரும் சளைக்கவில்லை. அளக்கிற அலுவலர்கள் கருவிகளோடு வந்து பார்த்தார்கள். தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கண்மாய் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. யாருடைய பட்டாவிலும் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை, தூரம் மட்டும்தான் குறைந்திருந்தது. அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்ததால் இரண்டு ஊருக்கும் அதைப் பேசவே பொழுது சரியாக இருந்தது.

ராஜபாளையத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜாஸ்மினுக்கு மட்டும் கைகால் ஓடவில்லை. வடக்கே விரல் உயரத்தில் மங்கலாகத் தெரிகிற ஆண்டாள் கோயில் கோபுரம் அன்று ஒரு சாண் உயரம் தெரிந்தது. அந்தக் கோபுரத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவளுடைய அக்கா பிலோமினாள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அம்மா செத்த வருஷம் பாகம் பிரித்தபோது வீடு, நகை எதிலும் அக்காவுக்கும் தங்கைக்கும் மனத்தாங்கல் வரவில்லை; வந்தது கிறிஸ்துமஸ் குடிலில்தான். மாதா, சூசையப்பர், ஆடுகள், பாலனைக் கிடத்துகிற தீவனத் தொட்டியான முன்னிட்டி ஆகியவை ஜாஸ்மினுக்கு. பாலன் இயேசு சுரூபத்தை மட்டும் மூத்தவள் உரிமை என்று பிலோமினாள் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். போனவள் திரும்பி வரவில்லை, இவளும் போகவில்லை. அதிலிருந்து வருஷா வருஷம் ஜாஸ்மின் வீட்டு முன்னிட்டியில் வைக்கோல் மட்டும்தான் கிடந்தது. பங்குச் சாமியார் புதுப் பாலன் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். “வேண்டாம் சாமி. எடுத்துட்டுப் போனவளே கொண்டாந்து வைக்கட்டும். நான் காத்துக்கிட்டுதான் இருக்கேன்” என்றாள் அவள். காத்திருப்பதைப் பெரிய புண்ணியமாக அவள் நினைத்திருந்தாள்.

அந்த முதல் ஞாயிறு பூசையில் சாமியார் எசாயா ஆகமத்தைச் சொல்லிப் பிரசங்கம் வைத்தார். ஆண்டவருக்கு வழி செய்யுங்கள், பள்ளத்தை நிரப்புங்கள், மேட்டைத் தாழ்த்துங்கள் என்று தீர்க்கதரிசி சொன்னாரே ஒழிய, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வாசலைப் பாருங்கள் என்று சொல்லவில்லை என்றார். தன்னைத்தான் குத்துகிறார் என்று ஜாஸ்மினுக்குச் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெயர் மாரியாத்தாள், ஊர் கூமாப்பட்டி. மகளைப் பிரசவத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கொஞ்சம் வெந்நீர் கேட்டு வந்தவள். கோபத்தில் இருப்பவர்களுக்குச் சில நேரம் கை தாராளமாகிவிடும். ஜாஸ்மின் வெந்நீரோடு ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பையும் சோற்றையும் தூக்குச்சட்டி நிறையக் கொடுத்தாள். பிள்ளைக்குச் சுற்ற, மில்லில் வேலை பார்க்கும் கணவர் கொண்டுவந்து வைத்திருந்த பேண்டேஜ் துணியில் ஒரு கட்டையும் கொடுத்தாள். கொடுத்ததை அப்போதே மறந்தும் போனாள். மறுநாள்தான் சாலை குறைந்தது.

இரண்டாம் வாரம் மாரியாத்தாளுக்குப் பேத்தி பிறந்தாள். ஜாஸ்மின் வேலையோடு வேலையாக அந்த வார்டு முழுவதற்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். சாலையில் இன்னும் மூன்று கிலோமீட்டர் காணாமல் போனது. தான் கொடுக்கக் கொடுக்கத்தான் சாலை குறைகிறது என்று அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. தட்டியதும் புத்தி கெட்டுப்போனது. மூன்றாம் வாரம் ஒரு மூட்டை அரிசியைப் பங்குக் கோயிலில் இறக்கி, மைக்கில் தன் பெயரை வாசிக்கச் சொன்னாள். அந்தச் சத்தம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கேட்க வேண்டும் என்பது அவள் எண்ணம். மறுநாள் சாலை இரண்டு கிலோமீட்டர் நீண்டுகொண்டது. ரயிலைத் தவறவிட்டவர்கள் கண்டக்டரைத் திட்டினார்கள், கண்டக்டர் அரசாங்கத்தைத் திட்டினார். கோபுரம் மறுபடி சிறுத்திருந்ததைப் பார்த்து ஜாஸ்மின் மாடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் குடில் கட்டி முடித்து, வழக்கம்போல வெறும் முன்னிட்டியைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் தான் காத்திருந்தது விருந்தாளிக்காகக் காத்திருப்பது போல இல்லை, கடனை வசூலிக்க வந்த தண்டல்காரி வாசலில் குந்தியிருப்பது போல இருந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் வெட்கமாக இருந்தது, அதற்குப் பிறகு லேசாக இருந்தது. ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தாள். மாதாவையும் சூசையப்பரையும் ஆடுகளையும் பேண்டேஜ் துணியில் சுற்றி வைத்தாள். முன்னிட்டியை மேலே வைத்து, பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எல்லாம் அக்காவிடமே இருக்கட்டும், பாலனுக்குப் படுக்க இடம் கிடைத்தால் போதும். பஸ்ஸுக்கு நிற்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை, நடக்கத் தொடங்கிவிட்டாள்.

ஊர் எல்லையில் கடைசி வீட்டைத் தாண்டியதும், நடுவழியில் இருக்க வேண்டிய சேக் முகைதீன் டீக்கடை எதிரே வந்து நின்றது. டீக்கடைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரின் முதல் வீடு இருந்தது. அதைத் தாண்டி, துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க பிலோமினாள் வந்துகொண்டிருந்தாள்.

“ஏட்டி, பெட்டியத் தூக்கிட்டு எங்க போற?”

“ஒன் வீட்டுக்குத்தான். நீ எங்கக்கா வார?”

“ஒன் வீட்டுக்குத்தாம்ட்டி வாரேன். வருசம் பூரா புள்ளைய பீரோக்குள்ள போட்டு வச்சிருந்தேன். தொட்டில் இல்லாம எங்கட்டி கெடத்த? பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சுச்சு. நீயே வச்சுக்கோ.”

“நான் அம்புட்டையும் ஒனக்குத்தான் கொண்டாந்தேன்.”

“எனக்கு வேண்டாம்ட்டி.”

“எனக்கும் வேண்டாம்க்கா.”

கொடுப்பதிலும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற மாதிரி தெரியவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த சேக் முகைதீன் பொறுத்துப் பார்த்தார். “ஏம்மா, சண்டையப் பொறவு வச்சுக்கிடுங்க. செத்த நேரம் இந்தப் பெஞ்சுல எறக்கி வைங்க, புள்ளைக்குக் குளிருமில்ல” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து இடம் விட்டார்கள். ஜாஸ்மின் முன்னிட்டியை வைத்தாள். பிலோமினாள் பாலனைக் கிடத்தினாள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்கள்.

அந்த நிமிஷத்தில் சாலை முழுதும் தீர்ந்துபோனது. ராஜபாளையத்துப் பங்குக் கோயில் மணியும் ஆண்டாள் கோயில் மணியும் ஒரே தெருவில் கேட்டன. ராஜபாளையத்தில் பஸ்ஸின் பின்வாசலில் ஏறியவர்கள் முன்வாசலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினார்கள். பால்கோவாக் கடைக்காரர்கள் தட்டோடு வந்து நின்றார்கள். மில் ஷிப்ட் முடிந்தவர்கள் வேட்டு வாங்கி வந்து கொளுத்தினார்கள். கூமாப்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாரியாத்தாள், பேத்தியைத் துணியில் பொதிந்தபடியே பஸ்ஸை விட்டு இறங்கி, பெஞ்சில் கிடந்த பிள்ளையைப் பார்த்துக் குலவை போட்டாள். பூசைக்குப் புறப்பட்ட சாமியார் கூட்டத்தில் சிக்கி, கடைசியில் அந்தப் பெஞ்சுக்கு முன்னாலேயே பூசை வைத்தார். அவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவிலும் அக்காவும் தங்கையும் ஒரு விஷயத்தில் மட்டும் மல்லுக்கு நின்றார்கள். அந்த மாதம் பிலோமினாளும் பெயரைச் சொல்லாமல் வீடு வீடாக ஊமையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். சாலையைக் குறைத்தது தான்தான் என்கிறாள். ஜாஸ்மின் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருவிழா முடிந்ததும் சாலை பழைய நீளத்துக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் திருவருகைக் காலத்தில் மறுபடி சுருங்கியது, அதற்கடுத்த வருஷமும் அப்படியே. குடில் இப்போது இரண்டு வீட்டிலும் இல்லை. சேக் முகைதீன் தன் கடைப் பெஞ்சை அந்த மாதம் முழுக்க அதற்கென்றே விட்டுவிடுகிறார், டீ குடிப்பவர்கள் நின்றபடி குடித்துவிட்டுப் போகிறார்கள். டவுன் பஸ்ஸுக்கு டிசம்பரில் தனி நேர அட்டவணை உண்டு, டிக்கெட் விலையில் மாற்றம் இல்லை. அந்த மாதத்தில் மட்டும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யாரும் உட்காருவதில்லை. இறங்கத்தானே போகிறோம் என்று படியிலேயே நின்றுகொள்கிறார்கள்.