ஊசி அக்காவின் வண்டியை யார் உதைப்பது?

1

என் இடது கையில் ஊசி இறங்கிக்கொண்டிருந்தபோது கிடைத்த கதை இது. முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் யாரும், "அடுத்த வீட்டு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்கக் கூடாது பாருங்கள்.

வெறும் வயிறு. நைட்டியின் கையைத் தோள்வரை சுருட்டி வைத்திருக்கிறேன். ரத்தம் எடுக்க வந்தவள், நிறைந்துகொண்டிருந்த குழாயைப் பார்த்தபடி, குழாயிடமே சொல்வதுபோல் சொன்னாள்:

"பழசு மாதிரியே இருக்கிற புதுசு ஒண்ணு வாங்கித் தரேங்கிறா என் பொண்ணு. பழசு மாதிரி இருக்கிறதுக்குத்தான் பழசே இருக்கேம்மா."

அவ்வளவுதான். வலி தெரியவில்லை. கதை ஏறிவிட்டது.

எனக்குக் கதை காதுவழியாகத்தான் வரும். முகம் தெரியாது, வீடு தெரியாது. யாரோ யாரிடமோ பேசுவது மட்டும் கேட்கும். அப்புறம் நான் பின்னாலேயே ஓடி, பேசுகிறவர்களுக்கு ஒரு கூடம், உட்கார நாற்காலி, காலுக்குச் செருப்பு எல்லாம் தேடிக் கொடுக்க வேண்டும். இந்தக் கதையில் கூடுதலாக ஒரு மோட்டார் சைக்கிளையும் தேட வேண்டியிருந்தது. நல்லவேளை, அது என் வாசலிலேயே நின்றது, தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டு.

2

தொடக்கம் மட்டும் படுத்தி எடுத்துவிட்டது. கைவிட்டவற்றையும் மறைக்காமல் வைக்கிறேன்.

"விடியலின் மெல்லிய பனியில், காலத்தின் மௌன சாட்சியாக நின்றது அந்த இரும்புக் குதிரை—"

வேண்டாம். குதிரை என்றால் புல் போட வேண்டும். மேலும் அது மௌனமாக நின்றதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"அவளுக்கு வயது—"

இதுவும் வேண்டாம். எழுதினால் அடுத்த தடவை ஊசியை மெதுவாகக் குத்தமாட்டாள்.

சரி, இப்படித் தொடங்கலாம்:

ஊசி அக்கா வருவதற்கு முன்னால் அவள் வண்டியின் சத்தம் வந்துவிடும். காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. தெருமுனையில் அந்த டக்-டக்-டக் திரும்பியதுமே சர்க்கரைக்காரர்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். பச்சை கேட் வீட்டுக் குழந்தை கட்டிலுக்கடியில் புகுந்துவிடும். தாய்க்குத் தேடுகிற வேலை மிச்சம். குனிந்து இழுத்தால் போதும். அவள் உள்ளே வரும்போது எல்லாம் தயாராக இருக்கும். "மணி அடிக்கத் தேவையில்லாத ஒரே ஆள் நான்தான்" என்று அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

வாங்கும்போதே அது பழைய வண்டி. அப்போது பாட்டன் காலத்து வண்டி என்று கேலி செய்த மெக்கானிக்கே இப்போது, விற்பதானால் தன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்கிறார். இக்காலத்து வண்டிகளில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். இதில் எல்லாம் நேர்மாறு. கியர் வலது, பிரேக் இடது. பட்டன் கிடையாது. வலது காலால் உதைத்தால்தான் எழுந்திருக்கும்.

(இந்தப் பத்தியை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும், எனக்கு இல்லை, உங்களுக்கு.)

3

வம்பு முழங்காலில் தொடங்கியது.

ஒரு நாள் காலை யார் வீட்டு வாசலிலோ உதைத்தபோது, உதை திருப்பி அடித்தது. வலது முழங்கால் ஒரு மாதிரித் திருகிக்கொண்டது. எழ முடியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. அன்று எடுத்த ரத்தமெல்லாம் வீண். மறுநாள் அத்தனை பேரையும் திரும்பப் பட்டினி போட்டு, திரும்பக் குத்த வேண்டியிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மகள் பிசியோதெரபி பார்ப்பவள். அவளிடம் தப்ப முடியுமா?

"ஊர்ல இருக்கிற முழங்காலை எல்லாம் சரி பண்றேன். எங்க வீட்டு முழங்கால்தான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றாள், அம்மாவின் காலை மடித்து நீட்டியபடி. "இனிமே உதைக்கவே கூடாது. பட்டன் வண்டி வாங்கு. இல்லைன்னா வீடு வீடாப் போறத விட்டுட்டு லேப்லயே உக்காந்துக்க."

"உக்காந்தா என்ன தெரியும்? குழாய் மேல ஒட்டின நம்பர் தெரியும். ஆளு தெரியுமா?"

"அப்ப பட்டன்."

கடையில் புதிதாக ஒன்று வந்திருந்தது. அதே உருண்டை விளக்கு, அதே பெட்ரோல் தொட்டி, அதே பச்சை. பழைய வண்டியின் கூடப்பிறந்த தங்கை மாதிரி. தங்கைக்கு எண்ணெய் ஒழுகாது, பட்டனைத் தொட்டால் பூனை மாதிரி முனகும். பழசைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம் என்று மகள் பேசி முடித்துவிட்டாள்.

(புது வண்டிமேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. நல்ல வண்டிதான். பிறந்த அன்றே வயதானவர் மாதிரி உடுத்திக்கொண்டு நிற்கும் ஒரு பொருளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான். வயதாவது அத்தனை நாகரிகம் என்றால் முழங்காலையும் சேர்த்து விற்கலாமே.)

4

கடைக்காரப் பையன் மரியாதையாக ஓட்டிப் பார்க்கச் சொன்னான். ஊசி அக்கா ஏறினாள். பட்டனை அழுத்தினாள். புறப்பட்டாள்.

கொஞ்சம் வேகம் கூட்டலாமென்று வழக்கம்போல் வலது காலை அமுக்கினாள். அவள் காலுக்கு அது கியர். புது வண்டிக்கு அது பிரேக். கப்பென்று நின்று அணைந்துபோயிற்று. மறுபடி பட்டன். இந்த முறை நினைவாக, இடது காலால் கியரை மாற்றி, பரவாயில்லையே என்று அவளுக்கே தோன்றி, ஒரு சுற்றுச் சுற்றி, கடை வாசலுக்குத் திரும்பி வந்து, நிறுத்துவதற்கு இடது காலை அமுக்கினாள்.

கியர் இறங்கியது. வண்டி 'உர்ர்' என்றதே தவிர நிற்கவில்லை. கைப் பிரேக் நினைவுக்கு வருவதற்குள், கடை வாசலில் கைகூப்பிக்கொண்டிருந்த அட்டைப் பெண்மணியின்மேல் போய்ச் சாய்ந்தாள். அவர் கைகூப்பியபடியே மல்லாந்தார்.

யாருக்கும் அடி இல்லை. பையன் ஓடிவந்து அட்டைப் பெண்மணியைத்தான் முதலில் தூக்கினான்.

"ஒரு வாரத்துல பழகிடும்மா" என்றாள் மகள்.

"எனக்குப் பழகிடும்டி. காலுக்கு யார் சொல்றது? குறுக்க ஒரு குழந்தை வந்தா, காலு என்னைக் கேட்டுட்டா அமுக்கும்?"

மகளுக்குத் தெரியும், கால்கள் எவ்வளவு மறதியற்றவை என்று. அவள் பிழைப்பே அதுதான்.

5

இதுவரை எழுதியதை அடுத்த தடவை ரத்தம் எடுக்க வந்தபோது வாசித்துக் காட்டினேன். அட்டைப் பெண்மணிக்குச் சிரித்தாள். அப்புறம் ஒரு வரியில் நிறுத்தினாள். அவள் கணவர் பேசுவதாக நான் எழுதியிருந்த வரி அது: "உன் விருப்பம்தான் என் விருப்பம்."

"எங்க வீட்டுக்காரர் இப்படியெல்லாம் பேசமாட்டார்மா."

"பின்ன என்ன சொல்வார்?"

"ஒண்ணும் சொல்லமாட்டார். கழுத்துல தொங்குற டேப்பை எடுத்துச் சுருட்டுவார். வேகமாச் சுருட்டினா கோவம். மெதுவாச் சுருட்டினா யோசிக்கிறார்னு அர்த்தம்."

ஜன்னல் திரைச்சீலை தைக்கிறவர் அவர். வண்டி ஓட்டத் தெரியாது. பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து வருவார். அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் எனக்கு அன்றிலிருந்து அவர்மேல் சந்தேகம். பேசாத மனிதரை நான் எந்தக் காதால் கேட்பது? இப்படிப்பட்டவர்களைக் கதையிலிருந்து எடுத்துவிடுவதுதான் என் வழக்கம். அவரையும் எடுத்துவிட்டு, ஒரு சித்தப்பாவைப் போட்டுப் பார்த்தேன். சித்தப்பா நிறையப் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். வண்டிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

திரைச்சீலைக்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். நல்லதாகப் போயிற்று.

6

வண்டியைக் கடைக்கு எடுத்துப்போகிற நாள். காலையில் டேப்பை மெதுவாகச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் முற்றத்தில் இறங்கினார்.

"எந்தக் கால்?" என்றார்.

"வலது" என்றாள் ஊசி அக்கா, ஒன்றும் புரியாமல்.

ஓங்கி ஓர் உதை. வண்டி திருப்பிக் கொடுத்தது. அவர் செருப்பு பறந்து ஜன்னல் மேடையில் உட்கார்ந்தது. மகள் உள்ளிருந்தே, இனிமேல் வீட்டில் இரண்டு முழங்கால் பார்க்க வேண்டும்போல என்றாள்.

பலம் இல்லைங்க, பொறுமைதான் என்று ஊசி அக்கா சொல்லிக்கொடுத்தாள். சாவியைப் போட்டதும் விளக்குக்கு மேலே மீட்டரில் ஒரு முள் அசையும். உதைக்கிற கம்பியை மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி, காலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். முள் நடுவில் வந்து நிற்கும். அப்போது கைப்பிடிக்குக் கீழே இருக்கிற சின்ன லீவரைப் பிடித்து, கம்பியை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டுவிட வேண்டும். கம்பி மேலே வந்ததும் ஒரே உதை, முழுசாக.

அவர் செய்தார். டக்-டக்-டக். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள் ஊசி அக்கா. கல்யாணத்தன்றுகூடவா என்று கேட்டேன். அன்று அவர் சட்டைத் தையல் சரியில்லையே என்று கவலையில் இருந்தாராம்.

மகள் வெளியே வந்தாள். "நல்லாருக்குப்பா. நீங்க தினமும் ஒவ்வொரு வீட்டுக்கும் கூடவே போய் உதைப்பீங்களா?"

அவர் டேப்பை எடுத்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம், இந்தக் கதையில் அவர் சொல்கிற ஒரே நீளமான வாக்கியத்தைச் சொன்னார்:

"இவ போற வீட்ல எல்லாம் ஆளுக்கு ரெண்டு காலு இருக்கில்ல?"

மகள் சிரித்துவிட்டாள். சிரித்ததால் இறங்கி வந்தாள். ஒரு நாள் தருகிறேன் என்றாள். அம்மா ஒரு தடவைகூட உதைக்காமல் எல்லா வீட்டையும் முடித்து, ஐஸ் உருகாமல் பெட்டியை லேபில் சேர்த்துவிட்டால் பழசு இருக்கட்டும். இல்லையென்றால் சாயங்காலமே அதைக் கொடுத்துவிட்டுத் தங்கையைக் கூட்டிவர வேண்டியது.

"ஏமாத்தலாம்னு நினைக்காத. நீ வாய் திறக்க வேண்டாம். முழங்கால் வீக்கம் எங்கிட்ட வந்து சொல்லிடும்."

(இன்ஜினை அணைக்காமலே விட்டுவிட்டு உள்ளே போனால் என்ன என்று கேட்பீர்கள். கேட்டேன். பழைய வண்டி, சும்மா நின்றால் கொதித்துத் தானே அணைந்துவிடும். அப்புறம் சூடு ஆறும்வரை அசையாது. பட்டனைப் பழசிலேயே பொருத்த முடியாதா? அதற்கு வண்டியின் வயிற்றை அறுக்க வேண்டுமாம்; மெக்கானிக் காதைப் பொத்திக்கொண்டார்.)

7

முதல் வீட்டில், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற மாப்பிள்ளை, நகருங்க அக்கா என்று தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தார். உதைத்தார், உதைத்தார், வியர்த்தார். தன் அப்பாவுக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த மனைவி ஈரக்கையோடு வந்து, முள்ளைப் பார்த்து ஒரே உதை விட்டுவிட்டு, மிக்ஸியை நிறுத்தாமல் வந்துவிட்டேனே என்று உள்ளே ஓடினாள். மாப்பிள்ளை தன் செருப்பைக் குறை சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

பச்சை கேட் வீட்டில் தாய் உதைப்பதைப் பார்க்கக் குழந்தை கட்டிலுக்கடியிலிருந்து தானாகவே வெளியே வந்தது. வெளுப்பான கால்சட்டை போட்ட வங்கிக்காரர் ஒருவர் உதைத்துவிட்டு, எண்ணெய்க் கறையோடு பெருமையாக வேலைக்குப் போனார். வீட்டுக்கு வீடு ஒரு கால் கிடைத்தது. ஊசி அக்கா தன் வலது காலை, யாரோ இரவல் கொடுத்த கண்ணாடிப் பாத்திரம் மாதிரிப் பத்திரமாகத் தூக்கி வைத்து ஓட்டினாள்.

கடைசி வீடு என்னுடையது.

8

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ரத்தம் எடுத்தாயிற்று. என் குழாயும் பெட்டிக்குள் போய்விட்டது. இருவரும் வாசலில் நிற்கிறோம். வண்டியும் நிற்கிறது. எனக்கு இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். கம்பிமேல் காலைத் தூக்கி வைத்தால் இறக்க ஆள் வேண்டும். பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது. தள்ளிக் கிளப்பலாமென்றால், என் தெரு இரண்டு பக்கமும் மேடு.

மாடியில் ஒரு பலசாலியைக் குடிவைத்துப் பார்த்தேன். என் வீட்டுக்கு மாடியே இல்லை.

மகள் மனம் மாறித் தானே வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு, கண்ணீரோடு உதைப்பதாக—

அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்நேரம் அவள் கையில் வேறு யாருடைய முழங்காலோ இருக்கிறது. அதைக் கீழே போட்டுவிட்டு வரச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

"ஒரே ஒரு தடவை நானே உதைச்சிடவாம்மா? லேப்புக்குப் போயிட்டா போதும். சாயங்காலத்துக்குள்ள வீக்கம் வத்திடும்."

"வத்தாது. உன் பொண்ணு கண்டுபிடிச்சிடுவா."

"நீங்கதானே எழுதுறீங்க. வத்திடுச்சுன்னு எழுதிடுங்களேன்."

"முழங்கால் என் பேச்சைக் கேட்காதும்மா."

பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஓரத்தில் தண்ணீர் கோத்திருக்கிறது. மூடினாள். வலது காலைக் கம்பிமேல் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைக்கிறாள்.

ஆகவே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். ஆமாம், உங்களைத்தான். தெருமுனையிலிருந்து இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள். கால் இல்லாமலா வந்தீர்கள்? கொஞ்சம் நகரச் சொல்லுங்கள் அவளை. சாவி போட்டிருக்கிறது. கம்பியை மெதுவாக அழுத்துங்கள், கெஞ்சுகிற மாதிரி. விளக்குக்கு மேலே பாருங்கள். முள் நடுவில் வந்துவிட்டதா? லீவரைப் பிடித்து, கொஞ்சம் இறக்கி, விட்டுவிடுங்கள். கம்பி மேலே வரட்டும். மாப்பிள்ளை மாதிரித் தோளைக் குலுக்க வேண்டாம்.

நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ம். உதையுங்கள்.