அச்சில் வந்த இளமை

என் வீட்டுக்காரர் அலி அக்பருக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சகம். ஊருக்கெல்லாம் தேதி அடித்து விற்கிறவருக்குத் தன் வயதை மட்டும் ஒப்புக்கொள்ள மனமில்லை. என் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த வைட்டமின் ஈ மாத்திரை டப்பாவில் 'முதுமையைத் தள்ளிப்போடும்' என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து தினமும் ஒன்று. கண்ணாடி முன் நின்று கன்னத்தை இழுத்து இழுத்துப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தேதித்தாளின் பின்பக்கம் மருத்துவக் குறிப்பு போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். போன சீசனில் ஒரு தாளுக்குக் குறிப்பு அகப்படவில்லை. கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் முனியராஜ் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார்.

"இதுல உள்ளத அடிச்சு விடுலே. இடம் ரொம்புனாப் போதும்."

முனியராஜ் தன் பங்குக்கு 'ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்துள்ளனர்' என்று சேர்த்துவிட்டார்.

இந்த ஆவணியில் காரியாபட்டி மளிகைக்கடை ஒன்றில் தொங்கிய அதே தாளை இவர் கிழித்துக்கொண்டு வந்து என் முன் ஆட்டினார்.

"பாத்தியா பைரோஜா, நிரூபிச்சே புட்டாகளாம்!"

"இது நீங்க போடச் சொன்னதுதானங்க?"

"நான் டப்பாவுல உள்ளதத்தான் சொன்னேன். இதுல ஆராய்ச்சின்னுல்ல வந்துருக்கு!"

அதன்பிறகு காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. ஏற்கெனவே நெஞ்சுவலி வந்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற மனிதர். முதலில் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம். ஒருநாள் இட்லித் தட்டின் முன் மூக்கிலிருந்து கொட்டியது, நிற்கவே இல்லை. சட்டையெல்லாம் சிவப்பு. நான் ஆடிப்போய்விட்டேன்.

விருதுநகர் டாக்டர் டப்பாவைப் பார்த்ததுமே கோபப்பட்டார். "இது வயசாகுறதக் கொறைக்கும்னு மனுசங்களுக்குக் குடுத்துப் பாத்த ஆய்வு எதுலயும் உறுதியாகல. நீங்க சாப்பிடுற ரத்த மாத்திரையோட இம்புட்டு சேந்தா ரத்தக்கசிவு கூடும். தலைக்குள்ள கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. இன்னையோட நிறுத்துங்க."

இவர் சுவரைக் காட்டி என் காதைக் கடித்தார். "வாய்தான் அப்படிச் சொல்லுது. மாட்டிருக்கது நம்ம காலண்டரத்தான்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாத்திரையை விழுங்கினார். அழுதேன், கத்தினேன், டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். புது டப்பா வந்தது. இந்த மனிதரை மாத்திரைக்குப் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்துபோனேன்.

மறுநாள் இவர் பேப்பர் லோடு பார்க்கப் போன நேரத்தில் அச்சகத்துக்குப் போய், முனியராஜைப் பிடித்து, புது வருடத் தாள் ஒன்றின் பின்பக்கத்தை மாற்றச் சொன்னேன்.

"எந்தத் தேதி, அக்கா?"

"அவுக பொறந்த தேதி."

சீசனின் முதல் காலண்டர் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். இவர் முதலில் புரட்டுவது தன் பிறந்தநாள் தாளை. அன்றும் புரட்டினார். திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்தது. எழுந்துபோய் டப்பாவைக் குப்பைக் கூடையில் போட்டார்.

"ரத்த மாத்திரை சாப்பிடுறவுக வைட்டமின் ஈ மாத்திரையத் தொடவே கூடாதாம் பைரோஜா. அந்த டாக்டரு இதையெல்லாம் வெவரமாச் சொல்ல வேணாமா?"

எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். "இத யாருங்க எழுதுனது?"

"யாரு எழுதுனா என்ன? அச்சுல வந்துருக்குல்ல!"