மெலிசாண்டின் பளபளத்த கதவு

இரும்புக் கவசம் போட்ட 'மெலிசாண்ட்' எங்கள் ராணியின் கடற்படையில் இருபது வருஷம் இருந்தது. அத்தனை வருஷத்தில் எதிரியைப் பார்த்து ஒரு குண்டு சுட்டதில்லை. சுட்டால் புகை படிந்து பெயிண்ட் கெட்டுவிடும் என்று பயிற்சிக் குண்டுகளைக்கூடக் கடலில் தள்ளச் சொல்வார் எங்கள் துணைக் கேப்டன். கப்பல் மினுங்கினால் போதும் அந்த மகராசனுக்கு.

கொதிகலன் அறையில் நானும் என் தங்கை டாம்சினின் புருஷன் ஒபதையாவும் கரி அள்ளிப் போட்டோம். பக்கத்துக் கரிக்கிடங்கில் கடல் புகுந்தால் எங்களைக் காப்பாற்ற நடுவில் ஒரு கனத்த இரும்புக் கதவு இருந்தது. கப்பல் முழுக்க இருந்த இப்படிப்பட்ட கதவுகளில் யார் தேய்த்தது அதிகம் பளபளக்கிறதோ, அவனுக்கு எங்கள் ஊர்த் துறைமுகமான பிளிமத் சேர்ந்ததும் ஒரு வாரம் லீவு என்றார் துணைக் கேப்டன். டாம்சினுக்குப் பெண் பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒபதையா இன்னும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. விடுவானா? பெயிண்டைச் சுரண்டி, அரம் போட்டு, செங்கல் தூளால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"மச்சான், இப்படியே தேய்ச்சா கதவுக்கு அந்தப் பக்கம் தெரியப்போவுது" என்றேன்.

"வயித்தெரிச்சல்யா உனக்கு! உன் மருமகளைப் பாக்கப் போறேன்ல!"

லீவு அவனுக்குத்தான் கிடைத்தது. கதவில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். அதன் தாழ்ப்பாள்கள் மட்டும் சுண்டுவிரல் பருமனுக்கு இளைத்திருந்தன. சோதிக்க வந்த அதிகாரிகள் எல்லோரும் பளபளப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பிளிமத்துக்கு ஒரு நாள் இருக்கையில், மூடுபனியில், எங்கள் படையின் இன்னொரு கப்பலே எங்கள் விலாவில் இடித்தது. கரிக்கிடங்கில் தண்ணீர் சீறியது. கதவை அடைத்துத் தாழிட்டோம். தண்ணீர் ஏறி வருமுன் அடுப்பு நெருப்பை யாராவது வாரி வெளியே இழுக்காவிட்டால் கொதிகலன் வெடித்துவிடும். ஒபதையா அங்கேயே நின்றுகொண்டான்.

"நீங்கல்லாம் ஏறுங்கடா. என் கதவு தாங்கும்."

நான் ஏணியில் பாதி ஏறியிருந்தபோது தாழ்ப்பாள்கள் தெறித்தன. கீழே அவன் குரல்கூடக் கேட்கவில்லை.

நெருப்பை அவன் வாரி முடித்திருந்ததால் மெலிசாண்ட் தப்பித்துக் கரை சேர்ந்தது. அதைச் சரிசெய்து இன்னும் ஒன்பது வருஷம் ஓட்டினார்கள். புதுக் கதவையும் தேய்க்கச் சொன்னார்கள். போன மாதம்தான் கப்பலை உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள். அந்தக் கப்பலுக்காக எனக்குத் துளி வருத்தமில்லை. அவனை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

இடிபட்ட கப்பல் பிளிமத் வந்து சேர்ந்த அன்று, துறைமுகத்தில் டாம்சின் குழந்தையோடு காத்திருந்தாள். அவளுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணே, அவருக்கு இந்தத் தடவையாச்சும் லீவு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கம்மா" என்று சொல்லி, குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.