அறுபதாவது இடம்

...இல்லை, மூன்று என்றால் மூன்றுதான், இன்னொரு முறை கூட்டிப் பார்த்தால் மட்டும் குறைந்துவிடுமா என்ன, இரண்டு நாள் கோல்ஃப் ஆட்டத்தில் விதித்த அளவுக்கு மேல் மூன்று அடி அடித்திருக்கிறேன், கணக்கு அட்டையில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாயிற்று, இனி என் கையில் இருப்பது ஆறிப்போன இந்தக் காப்பி மட்டும்தான். சாப்பாட்டு அறையில் நாற்காலிகளைத் தூக்கி மேசைகள்மேல் கவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள், எங்கள் மேசையை மட்டும் துடைக்கிற பெண் சுற்றிக்கொண்டு போகிறாள், அவளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. நூற்றிருபது பேர் ஆடினோம், முதல் அறுபது இடத்துக்குள் வருகிறவர்கள்தான் நாளையும் மறுநாளும் ஆடலாம், இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி இது, நான் உள்ளே வராவிட்டால் அடுத்த வருடம் ஆடும் உரிமையும் போய்விடும், நாற்பத்தொரு வயதில் இந்த இடது மணிக்கட்டை வைத்துக்கொண்டு மறுபடி தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வர முடியுமா... முடியாது, அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு மாதம் ஆகிறது. தரையில் உட்கார்ந்து என் மட்டைகளின் வரிப்பள்ளங்களைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறார் இவர், பதினைந்து வருடமாக என் பையைச் சுமக்கிற கணவர், வரைபட அலுவலகத்து வேலையை விட்டுவிட்டு வந்தவர், இன்னும் தூரத்தைக் கண்ணாலேயே அளந்து சொல்வார்.

"ஐம்பத்தொம்பது பேர் ரெண்டுலயும் அதுக்குக் கீழயும் முடிச்சுட்டாங்க" என்றார் தலை நிமிராமல். "இன்னும் ஆடிட்டு இருக்கறது நெட்டை மட்டும்தான். அவளும் ரெண்டு. கடைசிக் குழியில ஒரு அடி அதிகமா அடிச்சாள்னா..." அதோடு நிறுத்திக்கொண்டார், மீதியைச் சொல்ல அவருக்குக் கூச்சம். மீதி எனக்குத் தெரியும். நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் என் தோழி சரியாக முடித்தால் அவள் அறுபதாவது ஆள், கதவு சாத்தப்படும், நான் வெளியே. அவள் ஒரு அடி கூடுதலாக அடித்தால் அவளும் மூன்று, நானும் மூன்று, அறுபதாவது இடம் மூன்றில் முடித்த எல்லோருக்கும் பொது, இரண்டு பேரும் உள்ளே. அவளுக்கு ஒரு அடிதான் நஷ்டம், எனக்கு ஒரு பிழைப்பு. இப்படி யோசிக்கிறேனே, வெட்கமாக இல்லையா எனக்கு? அதுவும் யாரைப் பற்றி...

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஆறு மாதக் கர்ப்பத்தோடு உடைமாற்றும் அறையில் நான் சுருண்டு விழுந்தபோது பக்கத்தில் இருந்தவள் நெட்டை ஒருத்திதான், முன்னணியில் இருந்தாள், இன்னும் இருபது நிமிடத்தில் கடைசி நாள் ஆட்டம், வாழ்க்கையில் முதல் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என்னைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள், ஆணி வைத்த ஷூவோடு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மாலை வரை உட்கார்ந்திருந்தாள், நர்ஸ் திட்டினாளாம், தரையெல்லாம் கீறல் என்று. ஒரு கிலோ முந்நூறு கிராம் இருந்தாள் என் மகள், இன்றைக்கு என் தோளுக்கு வந்துவிட்டாள். நெட்டைக்கு அந்தக் கோப்பை அதற்குப் பிறகும் வரவில்லை. அந்த நாளை யாராவது எடுத்தால் "அன்னைக்குக் காத்து ரொம்ப மோசம், எப்படியும் தோத்திருப்பேன்" என்பாள், அத்தோடு பேச்சு முடிந்தது. எத்தனை பேர் சேர்ந்து என்னை இந்த நாற்காலி வரை கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள்... நான் ஊர் ஊராகச் சுற்றும்போதெல்லாம் பேத்திக்குத் தலை பின்னப் பழகிக்கொண்ட மாமனார், "குழிக்குள்ள போட்ட பந்தை எதுக்கும்மா மறுபடி வெளிய எடுக்கறீங்க?" என்று இன்று வரை கேட்கிறவர், மணிக்கட்டைப் பிடித்துவிட்டே தன் விரல்கள் காய்த்துப்போன அந்த மருத்துவர், இதோ இவர்... ஒரு கோப்பை இல்லை என் வீட்டில், ஆனால் பதினேழு வருடம் புல்லின்மேல் நடந்து சோறு சாப்பிட்டிருக்கிறேன், இது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

சுவரில் மாட்டியிருக்கும் திரையில் கடைசிக் குழி. நெட்டையின் பந்து குழிக்கு ஐந்து தப்படி தள்ளி நிற்கிறது, இதைப் போட்டுவிட்டால் இரண்டோடு முடித்துவிடுவாள். குனிந்து பார்த்தாள், எழுந்தாள், அப்புறம்... அப்புறம் திரும்பிப் புள்ளிப்பலகையைப் பார்த்தாள். தேவைக்கு மேல் பார்த்தாள். என் பெயரில் வந்து நிற்கிறது அவள் கண், எனக்குத் தெரியும், அந்தக் கழுத்துச் சாய்வு எனக்குத் தெரியும். வேண்டாம், நெட்டை. நான் எழுந்து நின்றுவிட்டேன். நீ விட்டுக்கொடுத்தாயா, தவறவிட்டாயா என்று சாகும் வரை நான் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும், உன்னையும் கேட்க முடியாது, ஒருமுறை வாங்கியதே எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும், போடு, உள்ளே போடு... பந்து உருண்டது, விளிம்பில் தயங்கியது, விழுந்தது. யாரோ கைதட்டுகிறார்களே என்று பார்த்தால் நான்தான். இவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், எழுந்து வந்து என் தோளில் கை வைத்துக்கொண்டார்.

சிறிது நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் நெட்டை, முகமெல்லாம் வெயில், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. "பலகையைப் பாத்தேன்டி" என்றாள். "ஒரு நிமிஷம் கை தானா..."

"அப்படி மட்டும் பண்ணியிருந்தே, உன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்" என்றேன், சிரிக்கத்தான் நினைத்தேன், குரல் வேறு மாதிரி வந்தது. அவள் என்னை இறுக்கிக்கொண்டாள், நான் அவள் தோள் வரைதான் வருவேன், சட்டையில் புல் வாசம். நன்றி என்று சொன்னேன், பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக வாய் விட்டு. எதுக்கு என்று அவளும் கேட்கவில்லை. "நாளைக்கு எத்தனை மணிக்கு உனக்கு?" என்றேன். ஒன்பது இருபது என்றாள். "வர்றேன், கூட்டத்தோட கயித்துக்கு வெளிய நின்னு முழுசாப் பாக்கறேன்." சொல்லிவிட்டேன், எளிதாகத்தான் வந்தது, இவர்கூட நம்பாமல் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடக்கும்போதுதான் உறைத்தது, பதினேழு வருடத்தில் ஒரு ஆட்டத்தைக்கூடக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று நான் பார்த்ததே இல்லை, அங்கே எந்த இடத்தில் நிற்பார்கள், எதைப் பார்ப்பார்கள், தன் முறை என்று ஒன்று வரவே வராமல் நாள் முழுக்க எப்படி நடப்பார்கள்...