ஐந்தாவது முறை

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் என் இடது மார்பில் புற்றுக்கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். பிறகு கீமோ. வயிற்றில் இருந்தபடியே என்னோடு நான்கு முறை கீமோவுக்கு வந்த மகன், ஒரு குறையுமில்லாமல் பிறந்தான். வெளியே வந்த பிறகு மட்டும் என் பால் அவனுக்கு ஆகாதாம்!

"கீமோ இன்னும் பாக்கி இருக்கும்மா. மருந்து பால்ல இறங்கும்," என்றார் டாக்டர். மிச்சமிருந்த வலது பக்கமும் சுரக்காமலிருக்க மாத்திரை கொடுத்தார். வார்டில் மற்ற அம்மாக்களின் சட்டை பால் கசிந்து நனைந்திருக்கும். அந்தக் கறையைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆயர் ஈத்தாமில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தால், புட்டியை வாயிலேயே வைக்க விடவில்லை அவன். அவன் கத்திய கத்தலில் நான்கு வீடு தள்ளியிருக்கும் ருக்கையா அக்கா, தன் நான்கு மாத மகள் நஸீஹாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"இங்க குடு லா. நான் பால் குடுக்கறேன்."

கிளினிக் நர்ஸிடம் கேட்டு, அக்காவின் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு பிள்ளையைக் கொடுத்தேன். அவன் மடக் மடக்கென்று குடித்தான். நான் சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். அடுத்த மூன்று முறையும் அப்படித்தான்.

ஐந்தாவது முறை அக்கா உட்கார்ந்தார், ஆனால் கொடுக்கவில்லை.

"பிரமிளா, எங்க மார்க்கத்துல அஞ்சு தடவ வயிறு நெறய குடிச்சா இவன் எனக்கும் மகன். நஸீஹாவுக்குத் தம்பி. அப்புறம் மாத்த முடியாது. நீயும் உன் வீட்டுக்காரரும் சரின்னு சொல்லணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் போயிடுவேன்னு இப்பவே எடம் புடிக்கிறீங்களா?" என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன். அக்கா எழுந்து போனார்.

பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த என் கணவர் குகன், நடந்ததை நான் சொல்லக் கேட்டு, அழுகிற பிள்ளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கேக்காமலே குடுத்திருந்தா நமக்குத் தெரியுமா? கேட்டாங்க பாரு," என்றார்.

எனக்கு அக்கா மேல் கோபமே இல்லை. அவன் வேறொருத்தியை அம்மா என்று கூப்பிடும்போது நான் இருக்க மாட்டேனோ என்ற பயம்தான். நான் இருக்க வேண்டும். அவன் பசியை நானே ஆற்ற வேண்டும். ஒரே ஒரு தடவையாவது.

பிள்ளையை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

"எங்க ரெண்டு பேருக்கும் சரிதாங்க்கா."

"நீ எங்கயும் போகமாட்டே. என் மக கல்யாணத்துல இவன் தம்பியா நிக்கறத நீ முன் வரிசையில உக்காந்து பாக்கணும்," என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

இந்த முறை நான் எழுந்து போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்ததும் அக்கா அவனை என் தோளில் போட்டார். தட்டினேன். ஏப்பத்தோடு ஒரு வாய்ப் பாலும் வந்து என் சட்டையின் வலது பக்கத்தை நனைத்தது.

அக்கா துணியை நீட்டினார்.

"வேணாங்க்கா, இருக்கட்டும்."

வெளியே வந்தபோது புதிதாகக் குடிவந்த லெட்சுமி எதிரே வந்தாள். முடி கொட்டிய தலையில் நான் கட்டியிருந்த துண்டை, பிள்ளை பெற்றவளின் தலைக்கட்டு என்று நினைத்திருப்பாள். என் சட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

"பால் நல்லா ஊறுது போலிருக்கே?"

"ஆமா," என்றேன்.